கோப்பையா, சிலேட்டா

போட்டி விதிகளை எழுதியவன் நான். அதனால் வந்த குழப்பமும் என்னுடையதுதான்.

1958ஆம் வருடம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சமூகக் கல்வி அமைப்பாளர் வேலை. எருக்குழி வெட்டுவது, கிணற்றுக்குச் சுவர் கட்டுவது, கையெழுத்துப் போடக் கற்பது, இவற்றைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசவேண்டும். ராகி அறுவடை முடிந்ததும், தை மாதத்தில், கிராம நாடகப் போட்டி நடத்தவேண்டும். அந்த வருடப் போட்டி உத்தனப்பள்ளிச் சந்தைத் திடலில்.

விதிகள் மூன்று. முக்கிய வேடத்தில் மிகச் சிறப்பாக நடிப்பவருக்கு வெள்ளிக்கோப்பை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு ஊக்கப் பரிசாக ஒரு சிலேட்டு. மூன்றாவதாக, நாடகத்தை முழுவதும் பார்த்தேன் என்று நடுவர்கள் மதிப்பெண் தாளின் அடியில் எழுதிக் கையெழுத்திடவேண்டும். இந்த மூன்றாவது விதி அனுபவத்தில் வந்தது. முந்தைய வருடம் ஒரு நடுவர் இரண்டாம் காட்சியில் சாப்பிடப் போனார். பரிசளிப்புக்குத்தான் திரும்பி வந்தார்.

முதல் இரண்டு விதிகளும் ஒருநாள் மோதிக்கொள்ளும் என்று எழுதும்போது தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் தோன்றாது. என் மனைவி செல்வம்மாள் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போனேன். மணி பார்த்துச் சாப்பிட்டேன்.

போட்டியன்று காலை திடலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து எதிரில் நின்றாள். ஒன்பது வயது இருக்கும். இரட்டைச் சடை. ஒன்றில் ரிப்பன் இல்லை.

"நீங்கதான பிளாக்கு சாரு?"

"ஆமா."

"சின்னப் பிள்ளைங்களுக்கு கப்பு குடுக்க மாட்டீங்களாமே. சிலேட்டுதானாமே."

"யார் சொன்னது?"

"எங்க செட்டுல எல்லாருந்தான் சொல்றாங்க. எங்கிட்ட சிலேட்டு இருக்குதுங்க சார். ஒடையக்கூட இல்ல."

பின்னாலேயே அவள் அப்பா ஓடி வந்தார். கங்கப்பன் என்று பெயர். சானமாவு காட்டோரம் இரண்டு ஏக்கர் ராகி நிலம். "சாருகிட்ட அப்பிடியெல்லாம் பேசக்கூடாது பாப்பா. நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க சார். மங்கம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"நீ எந்த வேஷம்?" என்று மங்கம்மாளைக் கேட்டேன்.

"மெயின் வேசம்."

கங்கப்பன் விளக்கினார். அவர்கள் நாடகச் செட்டின் கதாநாயகனுக்குப் பெங்களூரில் ஃபாக்டரி வேலை கிடைத்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு ஆள் வரவில்லை. செட்டில் எல்லோரிடமும் புளி வாங்கி விற்கும் முனீர் அகமதுதான் நாடகம் எழுதுபவர். அவர் புதிதாக ஒரு கதை எழுதி, முக்கிய வேடத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டார். ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்.

அந்தப் பேச்சை மங்கம்மாளே சொன்னாள். "கப்பு வந்தா அடுத்த வருசமும் நானே மெயினு. சிலேட்டு வந்தா நான் பழையபடி திரை புடிக்கணும்."

திரை பிடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கதாநாயகன் மேடைக்கு வரும்போது இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவன் அதன் பின்னாலிருந்து பாடி முடிக்கும்வரை கை இறக்கக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

"விதியில உனக்குக் கோப்பை கிடையாதுன்னு எங்கயும் இல்ல" என்றேன். அப்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

"அப்ப சரி" என்று போய்விட்டாள்.

நடுவர்கள் மூவர். நான் ஒருவன். இன்னொருவர் நாராயணப்பன். ஊர்ப் பெரிய நிலக்காரர், ஐம்பது வயது, இளமையிலிருந்து ராஜா வேடம் கட்டியவர். கோப்பை அவர் தகப்பனார் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது. மூன்றாமவர் சரோஜம்மாள், பெண்கள் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை.

மூன்று மணிக்கு முதல் நாடகம். தேன்கனிக்கோட்டை வெங்கடப்பன் ராஜாவாக வந்தார். நான்கு வருடமாகக் கோப்பை அவருக்குத்தான். கிரீடம் ஒன்றரை அடி உயரம். குரல் திடலைத் தாண்டி, சாலையைத் தாண்டிக் கேட்டது. நாட்டை இழந்தார், பாடினார். மகனை இழந்தார், அதைவிட உரக்கப் பாடினார். நாராயணப்பன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே மார்க் போட்டார்.

நடுவில் இரண்டு செட்டுகள். சானமாவு செட்டு ஐந்தரை மணிக்கு. எல்லாம் ஏழரைக்குள் முடியவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு மேல் யாரும் வண்டி கட்டிக்கொண்டு காட்டோரம் போகமாட்டார்கள். அந்த வருடம் யானைகள் அதிகம். அறுத்து அடுக்கிய ராகிப் போரையும் விட்டுவைக்கவில்லை.

கதை எளிது. அப்பனுக்குக் காய்ச்சல். ராகிக் கொல்லையைக் காக்க மகள் தனியாகப் பரண் ஏறுகிறாள். யானை வருகிறது. விடியும்வரை அவளும் யானையும் வழக்காடுகிறார்கள். அவ்வளவுதான். மேடை நடுவில் நான்கு மூங்கில் நட்டுக் கட்டிய பரண். அதன்மேல் மங்கம்மா, ஒரு களிச்சட்டி, ஒரு தகர டப்பா.

அவள் தகரத்தைத் தட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள். காடு எங்கே இருக்கிறது என்று அவள் கண் பார்த்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. மேடையில் காடு எதுவும் வரைந்திருக்கவில்லை. வெங்கடப்பன் செட்டில் அரண்மனையே வரைந்து கட்டியிருந்தார்கள்.

யானை மேடையில் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முனீர் அகமது அதை ஜனங்களின் பின்னாலிருந்து, ராகித் தாள் நின்ற கொல்லை வழியாகக் கொண்டுவந்தார். கோணிகளைத் தைத்துச் செய்த யானை. முன்னங்கால் முனீர் அகமது. பின்னங்கால் கங்கப்பன். தந்தம் வாழைத்தண்டு. அதோடு விட்டிருக்கலாம். முனீர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். காட்டிலிருந்து புதிய யானைச் சாணத்தைக் கொண்டுவந்து கோணி முழுக்கப் பூசியிருந்தார்.

முதலில் மாடுகளுக்குத்தான் அந்த வாசனை போயிற்று. திடலின் ஓரத்தில் ஐம்பது வண்டிகளையாவது அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மாடுகள் மூச்சு சீறிக் கயிற்றை இழுத்தன. வேறு ஊராக இருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். இங்கே மாடு அப்படிச் சீறினால் என்ன பொருள் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு வாசனை ஜனங்களுக்கு வந்தது. அந்தி வெளிச்சம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பின்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆனை! ஆனை வந்திருச்சுடா!"

"ஆனெ பந்துபிடுத்து!" என்று கன்னடத்தில் ஒரு குரல். தெலுங்கில் இன்னொன்று.

எழுநூறு பேர் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. வெங்கடப்பன் ராஜா உடையைக் களையாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் ஓடினார். சரோஜம்மாள் குடையோடு ஓடினார். நாராயணப்பன் எந்தப் பக்கம் போனார் என்று நான் பார்க்கவில்லை.

நான் எழவில்லை. தைரியத்தால் இல்லை. யானை வருகிறது, வரட்டும் என்று தோன்றியது. அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

ஒரு நிமிடத்தில் திடல் காலி. மேடையில் ஆர்மோனியக்காரர் இருந்தார். மூன்றாம் வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டு ஒருவர். அப்புறம் நான்.

மங்கம்மா நாடகத்தை நிறுத்தவில்லை.

யானை காலி நாற்காலிகளுக்கு நடுவே ஆடி ஆடி வந்து மேடை ஏறியது. அவள் பரணிலிருந்து குனிந்து, முதலில் தமிழில் கெஞ்சினாள். அது கேட்கவில்லை. தெலுங்கில் திட்டினாள். அதற்கும் அசையவில்லை. யோசித்தாள். "மைசூர் சீமையில இருந்து வந்திருப்பே போல" என்று சொல்லிவிட்டு, மிக மரியாதையாகக் கன்னடத்தில், "ஹோகி, நிம்ம ஊரிகெ ஹோகி" என்று ஊருக்குப் போகச் சொன்னாள். யானை காதை ஆட்டியது. ஆர்மோனியக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

பிறகு பேரம். கிழக்கு வரப்புவரை உனக்கு, மீதி எனக்கு. யானை ஒத்துக்கொள்ளவில்லை. தன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள். யானையின் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கடைசியில் தன் களிச்சட்டியைக் கீழே இறக்கினாள். யானை தின்றது. திரும்பியது. போயிற்று.

அவள் தகரத்தைத் தட்டக் கை ஓங்கினாள். தட்டவில்லை. கையை மெல்ல இறக்கினாள்.

"ராத்திரி பூரா சண்ட போட்டேன்" என்றாள். "இனி யாருகூட சண்ட போடுவேன்?"

அழுதாள். சத்தமில்லாமல். முகம் கோணாமல்.

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. பதினான்கு மாதமாக அதே கேள்விதான். நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன். எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

யானைக்குள்ளிருந்து முனீர் அகமதுவும் கங்கப்பனும் வெளியே வந்தார்கள். திடலைப் பார்த்தார்கள்.

"சனமெல்லாம் எங்க சார்?" என்றார் முனீர்.

"ஓடிட்டாங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஏன் சார், கதை நல்லால்லீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். ஆர்மோனியக்காரருக்கும் மறுபடி தொற்றிக்கொண்டது. குறட்டை விட்டவர் விழித்து, "முடிஞ்சிதா? நல்லா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அரைமணி கழித்து ஜனங்கள் திரும்பினார்கள். எல்லோரும் மற்றவர் ஓடியதைப் பற்றியே பேசினார்கள். தான் ஓடியதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஏழரை மணிக்கு நடுவர்கள் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்தோம். போண்டாவும் காப்பியும் வந்தன. நாராயணப்பன் வேட்டியில் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. திடல் ஓரத்து விவசாய ஸ்டாலில் அடுக்கியிருந்த அமோனியா உர மூட்டைகளின் நிறம் அது. உயரமான அடுக்கு. சரோஜம்மாள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார்.

மார்க் தாள்களை வாங்கினேன். இருவரும் வெங்கடப்பனுக்கு எண்பதுக்கு மேல் போட்டிருந்தார்கள். மங்கம்மாளுக்கு எண்ணே இல்லை. நாராயணப்பன், 'சிறுமி, சிலேட்டு' என்று எழுதியிருந்தார்.

"மார்க் போடணுங்க ஐயா."

"எதுக்கு? அதான் சிலேட்டு இருக்குதில்ல?"

"முக்கிய வேஷம் அவதான். விதியில வயசு சொல்லல."

"நீ என்னா தம்பி, படிச்சவன் பேசற பேச்சா இது? கொளந்த எங்கியாச்சும் நடிக்குமா? பசிச்சா அழுவுது. எறும்பு கடிச்சா அழுவுது. அது நடிப்பா? வெங்கடப்பன் அழுவறான் பாரு, அது நடிப்பு. பத்து வருசம் தொண்டையத் தீட்டினவன்."

சரோஜம்மாள் சேர்ந்துகொண்டார். "ஒம்பது வயசுல கோப்பையக் குடுத்துட்டா, பத்து வயசுல என்னத்தக் குடுப்பீங்க? என்கிட்ட அறுபது பிள்ளைங்க இருக்காங்க. எல்லாத்துக்கும் நாளைக்கே வேஷம் வேணும்பாங்க."

"அவ நடிப்பு எப்பிடி இருந்திச்சு டீச்சர்?"

"இருந்திச்சு" என்றார். காப்பியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் அழுதிச்சாம்... அழுதிச்சு" என்றார் நாராயணப்பன். "ஆனையப் பாத்தா கொளந்த அழாதா பின்ன?"

"அவ ஆனையப் பாத்து அழலைங்க ஐயா. ஆனை போனப்புறம் அழுதா."

நாராயணப்பன் ஒரு போண்டாவை எடுத்து இரண்டாகப் பிட்டார். தின்னவில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் சரோஜம்மாள்.

"நான் அங்கயேதான் இருந்தேன்."

தாள்களைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினேன். அடியில் கோடு போட்ட இடத்தைக் காட்டினேன். 'நாடகத்தை முழுவதும் பார்த்தேன்' என்று அங்கே எழுதவேண்டும். கீழே கையெழுத்துக்கு இடம்.

நாராயணப்பன் பேனாவைத் திறந்தார். மூடினார். அவர் இளமையில் ஒற்றைத் தீவட்டியோடு மூன்று யானைகளை விரட்டிய கதை தாலுகா முழுக்கத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

சரோஜம்மாள்தான் முதலில் பேசினார். "நான் போடமாட்டேன். பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு தினம் சொல்லிக்குடுக்கறவ. நான் ஓடினேன். செருப்பு ஒண்ணு போச்சு." நாற்காலிக்கு அடியிலிருந்து காலை வெளியே எடுத்து வைத்தார்.

நாராயணப்பன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "நான் ஓடல" என்றார். பிறகு, "கொஞ்சம் ஒசரமான எடத்துல நின்னு பாக்கலாம்னு போனேன்."

"உரமூட்டை மேலயா?" என்றார் சரோஜம்மாள்.

"அங்கிருந்து மேடை தெரியல" என்று ஒப்புக்கொண்டார்.

இரவே வேண்டாம், காலையில் மறுபடி நடத்தச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நடுவர்கள் மட்டும். நாராயணப்பன் ஒரு நிபந்தனை போட்டார். "பகல் வெளிச்சம். சனம் கெடையாது. ஆனைக்குள்ள அப்பன் கால் தெரியும். அங்க அழட்டும், பாக்கறேன்."

சானமாவு செட்டு அன்றிரவு ஆபீஸ் கூடத்திலேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் எட்டு மணி. நல்ல வெயில். திடலில் செருப்பு, துண்டு, ஒரு வெற்றிலைப் பெட்டி எல்லாம் அப்படியே கிடந்தன. சரோஜம்மாள் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டார். மூன்று நாற்காலிகள். மேடையேறுவதற்கு முன் மங்கம்மா என்னிடம் வந்தாள்.

"மறுக்காவும் பூராவும் செய்யணுமா சார்?"

"ஆமா."

"நேத்து நீங்க பாத்தீங்க இல்ல?"

"நான் ஒருத்தன் பாத்தா போதாது."

"ஒருத்தரு ஒக்காந்திருக்கீங்களேன்னுதான் நேத்து நானு நிறுத்தல" என்றாள். குற்றம் சாட்டுவதுபோல இருந்தது.

ஆரம்பித்தார்கள். பகலில் யானை பரிதாபமாக இருந்தது. கோணியில் 'புளி' என்று எழுதிய எழுத்து தெரிந்தது. கங்கப்பனின் கணுக்காலும், அதில் கட்டிய கறுப்புக் கயிறும் தெரிந்தன. சாணம் காய்ந்து உதிர்ந்தது. சரோஜம்மாள் முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். நாராயணப்பன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மங்கம்மா காட்டைப் பார்த்தாள். முந்தின நாள் பார்த்த அதே இடம். நாராயணப்பனின் தலை தன்னை அறியாமல் அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு டீக்கடைதான் இருந்தது.

கன்னடத்தில் மரியாதையாகப் பேசியபோது சரோஜம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். பேரம் நடந்தது. களிச்சட்டி இறங்கியது. யானை திரும்பியபோது கங்கப்பன் ஒரு கால் தடுக்கி, பின்பாதி மட்டும் கொஞ்ச தூரம் வேறு திசையில் போய்த் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கை ஓங்கினாள். இறக்கினாள். "ராத்திரி பூரா சண்ட போட்டேன். இனி யாருகூட சண்ட போடுவேன்?"

அதே கண்ணீர். அதே இடம்.

நாராயணப்பன் எழுந்து மேடைக்குப் போனார். "கையக் காட்டு பாப்பா" என்றார். அவள் காட்டினாள். விரல்களை முகர்ந்து பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, பாவாடை ஓரம்.

"என்ன ஐயா தேடறீங்க?"

"வெங்காயம்" என்றார். "நான் ராஜா கட்டறப்ப மடியில அரை வெங்காயம் இருக்கும். வெங்கடப்பனுக்கும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன்." மறுபடி முகர்ந்தார். "களி வாசனதான் வருது."

அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "கைய எறக்கினதுக்கு அப்புறம் ஒடனே பேசலியே நீ. ஏன்?"

"நாலு எண்ணுவேன்" என்றாள் மங்கம்மா. "மூணு எண்ணினா சீக்கிரம் ஆயிடுது. அஞ்சுன்னா எல்லாரும் நான் மறந்துட்டேன்னு நெனச்சிக்குவாங்க."

"யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்ல. எங்க கொல்லையில எண்ணிப் பாத்தேன்."

நாராயணப்பன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "முப்பது வருசம் ஆடினேன்" என்றார் என்னிடம். "எண்ணல." தாளைக் கேட்டு வாங்கினார். மங்கம்மாளுக்குத் தொண்ணூறு போட்டார். அடியில், நாடகத்தை முழுவதும் பார்த்தேன் என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார். சரோஜம்மாள் எண்பத்தெட்டு. "கோப்பை வந்தாலும் பள்ளிக்கூடம் வரணும்" என்று மங்கம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

பத்து மணிக்குப் பரிசளிப்பு. கோப்பை அவள் நெஞ்சுவரை இருந்தது. வெங்கடப்பன் கையைத் தட்டவில்லை. ஆனால் கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நாலுதானா? பாட்டுக்கும் நாலேதானா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விதிப்படி சிலேட்டும் அவளுக்கே வந்தது. அதை அவள் தங்கச்சிக்கு வைத்துக்கொண்டாள்.

சானமாவு செட்டு வண்டி கட்டியது. திரையை மடித்து வண்டியில் வைத்தவர் செட்டின் மூத்த நடிகர்.

மங்கம்மா வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள்.

"சார், நேத்து நீங்க ஏன் ஓடல?"

யோசித்தேன். "ஓடத் தோணல."

அவள் என்னைக் கால்முதல் தலைவரை அளந்தாள். மாடு பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அடுத்த வருசக் கதையில ஆனை பெருசு. அப்பா முன்னங்காலுக்குப் போறாரு. முனீர் மாமா எழுதறதுக்கு மட்டுந்தான். பின்னங்காலுக்கு அசையாம நிக்கற ஆளா வேணும்."

"நான் நடுவர்."

"நடுவரு யாரு வேணா இருக்கலாம். நீங்க வாங்க."

கங்கப்பன் வண்டியிலிருந்து, "பாப்பா! சாருகிட்ட என்னா பேச்சு அங்க?" என்று கத்தினார்.

அடுத்த வருட நடுவர் பட்டியலில் என் பெயர் இல்லை. விதிகளை வேறொருவர் எழுதினார். கொல்லையிலிருந்து திடலுக்கு நாற்பத்தாறு அடி. கோணிக்குள் புளி வாசனையும் சாண வாசனையும் சேர்ந்து வரும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. முன்னால் கங்கப்பனின் இடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். மேலே பரணிலிருந்து என்னைத் தெலுங்கில் திட்டுவது மட்டும் நன்றாகக் கேட்கும்.